கழற்றிய பிளக்

பிளக் கழற்றித்தான் கிடந்தது. ஆனாலும் ஆல்வின் கை வைத்தபோது, காகிதத்தைத் துண்டுதுண்டாக வெட்டும் அந்த ஷ்ரெட்டர் காய்ச்சல் கண்ட உடம்பைப் போலச் சுட்டது.

மதியச் சாப்பாட்டு நேரம். பீளமேட்டில் இருந்த அந்த மில் ஆபீஸில் ஏசி தண்ணீர் சொட்டும் ஓசையும், காகிதத் தூசியின் வறண்ட வாசமும், எங்கிருந்தோ வந்த கருகிய எண்ணெய் நெடியும் ஒன்றாகக் கலந்து மெல்லப் பரவிக்கொண்டிருந்தன. போன மாதம் இந்த இயந்திரத்தில்தான் அவன் மனைவி மெர்சி கழுத்தில் நாடாவோடு தொங்கிய அடையாள டேக் சிக்கி, அவள் உயிர் போனது. மூடி திறந்திருந்தால் அது ஓடக் கூடாது. அடிக்கடி நின்று தொல்லை தருகிறது என்று, மூடியின் கீழிருந்த சுவிட்சை அமுக்கி டேப் ஒட்டியிருந்தார் மேனேஜர் சுந்தரராஜுலு. கடைசியில், எல்லாவற்றுக்கும் அவள் கவனக்குறைவுதான் காரணமாம்.

இன்று புது டேப் ஒட்டியிருந்தது. வேலைக்குப் புதிதாக வந்த பிரத்யுஷா ஒரு கட்டுக் காகிதத்தோடு நின்றாள்.

"அம்மணி, முதல்ல டேக்கைக் கழட்டு. துப்பட்டாவை முடிஞ்சுக்கோ. காகிதம் சிக்குச்சுன்னா கையை உடாத, பிளக்கைப் புடுங்கு."

"டேக் இல்லீன்னா ஆப்சென்ட் போட்டுப்போடுவாருங்ண்ணா."

"போடட்டும். நீ போய்ச் சாப்பிடு."

அவள் போனதும், பிளக்கை இடக்கையில் இறுகப் பிடித்துக்கொண்டு டேப்பை உரித்தான். நகம் பிய்ந்தது. கோபம் அடங்கவில்லை.

"ஏனப்பா, மறுபடியும் நோண்டறயா?" டேப் சுருளோடு சுந்தரராஜுலு வந்து நின்றார். "பொண்டாட்டிய பறிகொடுத்தவன்னு பாக்கறேன்."

"ஒட்டாதீங்க சார். அந்தப் புள்ளையும் செத்துப்போகும்."

"பிளக்கு உன்ற கையில இருக்குது. இதென்ன, கடிச்சா போடும்?"

சிரித்தபடி மூடியைத் திறந்து குனிந்தார். அவர் கழுத்து டேக் இயந்திரத்தின் வாய்க்கு நேராகத் தொங்கியது.

ஏசி சொட்டுவது நின்றது.

பற்கள் சுழன்றன.

நாடா இழுபட்டது. தலை மோதியது. அலறல் வரவில்லை. கால்கள் மட்டும் தரையை உதைத்தன.

பற்களைப் பின்னோக்கிச் சுழற்றி, சிக்கியதை வெளியே தள்ளும் பட்டன். ஆல்வினின் வலக்கை பாய்ந்தது.

அதன் மேல் ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

ஈரம். சில்லிப்பு.

அது அவனைத் தள்ளவில்லை. பழகிய பிடியில் அவன் விரல்களோடு விரல் கோத்து, மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

ஆல்வின் விடுவித்துக்கொள்ளவில்லை.

நாடா உள்ளே போய்க்கொண்டே இருந்தது.