படித்துப் பார்த்தேன், சரி

படிக்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாத ஒரே மனிதர் இந்த உலகத்தில் பத்திர எழுத்தர் லூர்துராஜ்தான். ஸ்ரீபெரும்புதூர் பதிவு அலுவலக வாசலில் முப்பது வருடமாக அவரே இதைச் சொல்லி வந்ததால் சந்தேகத்துக்கு இடமில்லை. தன் கல்யாணத்தன்றே கோயில் பதிவேட்டை முழுசாகப் படித்து, மாமனார் சவரிமுத்துவின் பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனதைக் கண்டுபிடித்தவர். பந்தி ஒரு மணி நேரம் காத்திருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு அவர் வைத்த பெயர், 'கைநாட்டு ஜமீன்தார்கள்'.

மருமகன் செல்வநாதன் இதை நம்பினான். டிப்ளமா முடித்து மூன்று வருடமாக வேலையில்லாதவனுக்கு நம்ப நேரமிருந்தது. ஊரார் கொண்டுவரும் புதிர்களை மாமனார் அவிழ்க்கும்போது பை தூக்குவது அவன் உத்தியோகம்.

1983 ஈஸ்டர் முடிந்த புதன்கிழமை ஞானம்மா வந்தாள். வடக்குப்பட்டுப் பக்கத்துக் கன்னியர் மடத்து அநாதைப் பிள்ளைகளுக்கு இருபது வருடமாகச் சமையல் வேலை, படுக்கையும் அங்கேதான். நூறு வருடத்துக்கு முன் பழைய கோயில் மேட்டின்மேல் கட்டிய மடம். எங்கே கடப்பாரை போட்டாலும் ஏதோ ஒரு ராஜா இடறுவார்.

"கல்லைத் திருடிட்டேனாம் ஐயா. கக்கூஸுக்குப் பள்ளம் தோண்டசொல்லோ எழுத்துக் கல்லு ஒண்ணு வந்திச்சு. நான்தான் வாத்தியாராண்ட சொல்லி சர்க்காருக்குக் கார்டு போட்டேன். இப்ப நானே வித்துட்டேன்னு எழுதிக்கீறாங்க. நாலு ஆளு தூக்கற கல்லு. இன்னா கொத்தமல்லிக் கட்டா, இடுப்புல வச்சிகினு போவ?"

சனிக்கிழமைக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். போக வேறு இடமில்லை.

லூர்துராஜ் புகாரின் நகலை இரண்டு தடவை படித்தார். மடத்துக் காவல்காரன் யாக்கோபின் சாட்சியம் அது: 'பெரிய வெள்ளி மத்தியானம், மடத்துக் கோயில் மணி பன்னிரண்டு அடிக்கையில், ஞானம்மா ஆள் வைத்துக் கல்லை வண்டியில் ஏற்றியதைப் பார்த்தேன்.' கீழே மடத்துத் தலைவி மதர் கிளாராவின் கையெழுத்து.

மூவரும் மடத்துக்குப் போனபோது பள்ளம் இருந்த இடத்தில் புதுச் சிமென்ட் தளம், மேலே ஈரச் சாக்கு.

"வண்டித் தடமே இல்ல மாமா," என்றான் செல்வநாதன், குனிந்து தேடியபடி.

"வராத வண்டிக்கு எங்க மாப்ள தடம்?"

வரவேற்பறையில் மதர் கிளாரா இருந்தார். பக்கத்தில் வரதராஜுலு, மடத்தின் பின்பக்கப் பத்து ஏக்கரைப் புதுத் தொழிற்சாலைக்கு முடித்துக்கொடுக்கும் தரகர். கதவோரம் யாக்கோபு. ஞானம்மா உட்காரவில்லை.

"யாக்கோபு, நீ எந்தச் சபை?" என்றார் லூர்துராஜ்.

"பெந்தகோஸ்துங்க. இங்க வந்து ஒரு மாசம்தான் ஆவுது."

"அன்னிக்கு மணி அடிச்சது கேட்டியா?"

"கேட்டேன்னுதான் எழுதிக்கீதுங்க."

லூர்துராஜ் தாளை மடியில் வைத்துக்கொண்டார். "பெரிய வியாழன் பூசையில மணியோட நாக்கைக் கட்டினா, ஈஸ்டர் பூசைக்குத்தான் அவுப்பாங்க. நடுவுல மணியே அடிக்காது, மரக்கட்டைதான் தட்டுவாங்க. ஆக, இதை எழுதினவர் அன்னிக்கு இங்க இல்ல. கத்தோலிக்கரும் இல்ல." வரதராஜுலுவைப் பார்த்தார். "கல்லு எங்கயும் போவல. அந்தச் சிமென்ட்டுக்குக் கீழதான் இருக்கு. சர்க்கார் வந்து பாத்தா நிலம் கைமாறாது. கார்டு போட்டவளைத் திருடியாக்கிட்டா, அவ பேச்சை எவன் கேப்பான்?"

அவர் மதரிடம் திரும்பினார். "நாப்பது வருஷமா அந்த நாக்கைக் கட்டற கை உங்களுது. படிக்காம போட்டீங்களா மதர், இல்ல படிச்சிட்டே போட்டீங்களா?"

"போன ஐப்பசியில கூரை ஒழுகி அறுபது பிள்ளைங்க நனைஞ்சுகிட்டே படுத்தாங்க, லூர்து," என்றார் மதர். அது எதற்கு விடை என்று அவர் சொல்லவில்லை.

வரதராஜுலு பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தார். "உங்க மூளைக்கு நான் அடிமை சார். புகார் வாபஸ். சமாதானக் கடிதம் இதோ. நீங்க சாட்சிக் கையெழுத்துப் போடுங்க. இது தொழிற்சாலை ஆளெடுப்பு லிஸ்ட். ஏழாவது பேரு மாப்ளைது. ஜெனரல் ஷிஃப்ட்."

செல்வநாதன் எட்டிப் படித்தான். தன் பெயரில் ஒரு புள்ளிகூட விட்டுப்போகவில்லை.

"அந்தக் கடுதாசில இன்னா எழுதிக்கீது?" என்றாள் ஞானம்மா. "படிச்சுச் சொல்லுங்க ஐயா. நான் வேலைல இருக்கனா, இல்லியா?"

லூர்துராஜ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, சட்டைப்பையில் வைத்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்குப் பஸ்ஸின் போர்டே தெரியாது.

"எங்க போடணும்?"

வரதராஜுலு விரல் வைத்துக் காட்டினார். செல்வநாதன் பையைத் திறந்து பேனாவை எடுத்து நீட்டினான். 'படித்துப் பார்த்தேன், சரி' என்ற வரிக்குக் கீழே லூர்துராஜ் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.