ஈரக்கை

மூளை அலை பதிவு செய்யும் பையன் யோகேஷ் கடைசி வயரையும் தலையில் ஒட்டிவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் போய் உட்கார்ந்த பிறகும் ரங்கையாவின் தலையில் ஒரு கை இருந்தது.

ஈரமான கை. ஆறு மாதமாக ஒவ்வொரு வலிப்புக்கும் முன்னால் இப்படித்தான் வந்து, சவரம் செய்கிறவர் தண்ணீர் தடவுவதுபோல உச்சந்தலையில் மெல்லத் தேய்க்கும். அதோடு அவருக்கு நினைவு போய்விடும். வலிப்பு நிற்க வேண்டி மகள் பிரேமலதா போன வாரம் திருமலையில் அவருக்கு மொட்டை போட்டாள். நிற்கவில்லை. கையைப் பற்றிச் சொன்னால் கிறுக்கு என்றாள். குப்பம் ஊர்க் குவாரியில் பாறைக்கு வெடி வைத்த மனிதர், அவளோடு சண்டை போட்டுத் திருப்பதி ஆஸ்பத்திரிக்கு வந்தார். ரத்தத்தில் அழற்சி அதிகம், உடம்பு எதையோ எதிர்க்கிறது என்றார் டாக்டர். மூளை அலையிலும் ஏதாவது தெரிந்தால் மாத்திரை. தெரியாவிட்டால் சாமியார் மடத்தில் சங்கிலி. பிரேமலதா முடிவு செய்துவிட்டாள்.

பிரேமலதா பக்கத்தில் உட்கார்ந்தாள். விளக்கை அணைத்தார்கள். ஏசியின் முனகல், பசையின் வாடை, அதற்கடியில் நனைந்த முடியின் நாற்றம். வா, என்று மனதுக்குள் சொன்னார். இன்னிக்கு மெஷின் இருக்குது.

கை தேய்த்தது. தண்ணீர் காதோரம் வழிந்தது.

"ஏதாச்சும் தெரியுதாப்பா?"

"நார்மல்தான் தாத்தா. கம்முனு உக்காந்துக்கினு இரு" என்றான் யோகேஷ். கொஞ்ச நேரத்தில் அவனே, "வயரப் புடுங்காத தாத்தா. ஸ்கிரீன்ல ஒண்ணொண்ணா கோடு அழிஞ்சி போவுது" என்றான்.

ரங்கையாவின் கைகள் மடியில் இருந்தன.

"நைனா கைய நான்தான் புடிச்சிக்கினு இருக்கறன்" என்றாள் பிரேமலதா.

இன்னொரு வயர். பசை உரியும் சத்தம். இன்னொன்று. இந்த முறை நினைவு போகவில்லை. அவர் போகவிடவில்லை.

வலது கையை உருவித் தலைக்கு மேலே கொண்டுபோனார். பிடித்தார். மணிக்கட்டு. சில்லென்று. ஊறிப்போன தோல்.

"என் தலைடா இது. பிரேமா, லைட்டப் போடு."

வெளிச்சம் வந்தது. யோகேஷ் நாற்காலியோடு சுவர்வரை நகர்ந்துவிட்டான். பிரேமலதா அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால், உயரத்தில் பார்த்தாள்.

"பாத்தியா? நான் பொய்யி சொல்லல."

பிடியை இறுக்கினார். பிடிபடாத இன்னொரு கை அவர் தலையை முன்னால் குனிய வைத்தது. திருமலையில் குனிய வைத்ததுபோலவே. எடுப்பதற்கு முடி இல்லை.

அவர் விடவில்லை. அவர் பிடித்த கையிலிருந்தே ஒரு கத்தி, பிடரிக்கு மேலே, மொட்டைத் தலையில், நிதானமாக வழிக்கத் தொடங்கியது.