அறுபத்திரண்டில் ஒரு தாள்

இரண்டு முறை படியேறி இரண்டு முறையும் பாதியிலேயே இறங்கிவிட்டு, மூன்றாவது முறைதான் ரெக்கார்டு ரூம் அக்கா அந்தக் கதவைத் தட்டினாள். துப்பறிவாளரிடம் போகிற அளவுக்கு நம் நிலைமை வந்துவிட்டதே என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. வழியில் தெரிந்தவர்கள் யாராவது பார்த்திருந்தால், பல் டாக்டரிடம் போகிறேன் என்று சொல்ல ஒரு பொய்யையும் தயாராக வைத்திருந்தாள்.

துப்பறிவாளரை ஊரில் எல்லோரும் 'நிதானம்' என்றுதான் கூப்பிடுவார்கள். மனிதர் நாற்காலியை இழுப்பதற்கே அரை நிமிடம் எடுத்துக்கொள்வார். அந்த நிதானத்துக்கும் சேர்த்து அவசரப்பட அவருடைய மைத்துனன் இருந்தான். முப்பது வயதுக்குள் மூன்று வேலையை விட்டவன். அவள் உட்காருவதற்குள் நோட்டைத் திறந்துவிட்டான்.

"சொல்லுங்கம்மா," என்றார் நிதானம்.

அவள் சொன்னாள். தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் கம்பெனிகள் எவ்வளவு வாங்கலாம் என்று தீர்மானிக்கும் கட்டண ஆணையத்தில் பதினேழு வருடமாகக் கோப்புகளைக் காப்பவள் அவள். தண்ணீர்க் கம்பெனி கட்டணத்தை உயர்த்தக் கேட்டிருக்கிறது. பயனீட்டாளர் சங்கம் அதை எதிர்க்கிறது. சங்கத்தின் தலைவரான சலவைக்கடைக்காரர், ஐந்து வருடத்துக்கு முந்தைய கட்டண உத்தரவின் கோப்பைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கேட்டு, திங்கட்கிழமை வந்து திறந்தார். பதினான்காம் தாளைக் காணோம். கம்பெனியின் வருமான வரியைக் கட்டணத்தில் எவ்வளவு சேர்ப்பது என்று கணக்குப் போட்ட தாள்.

"அதுக்கு முன்னாடி யார் பாத்தது?" என்றான் மைத்துனன்.

"போன வியாழக்கிழமை கம்பெனி வக்கீல் பாத்தார். அவர் திருப்பிக் குடுத்ததும் எண்ணினேன். அறுபத்திரண்டு தாள் இருந்துச்சு. பதிவேட்டுல எழுதியிருக்கேன். ஆனா பொய்யா எழுதினேன்னு சொல்றாங்க. காசு வாங்கிட்டு வக்கீலுக்குத் தாளைக் குடுத்துட்டேனாம்."

அவள் மடியிலிருந்த பையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். திங்கட்கிழமை அலுவலகத் தாழ்வாரத்தில் வைத்தே அவள் பையைத் திறந்து கொட்டியிருந்தார்கள். சாப்பாட்டு டப்பா, மாத்திரை அட்டை, தைக்கக் கொடுக்க வைத்திருந்த கிழிந்த உள்பாவாடை எல்லாம் அங்கிருந்த மேசைமேல் கிடந்தன. நாற்பது பேர் எட்டி எட்டிப் பார்த்தார்கள். தலைமைக் கணக்கர் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். அவர் அவளுடைய சொந்தச் சித்தப்பா. அப்பா போன பிறகு அவளைப் படிக்கவைத்தவர். அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறவர்.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு விசாரணை. வேலை போயிடும் சார். போனாலும் பரவால்ல, திருடிங்கற பேரோட எங்க போய் நிக்கறது?"

"உங்களுக்கு யார்மேலயாவது சந்தேகம் இருக்கா?"

"தெரியல," என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு. நிதானம் மறுபடி கேட்கவில்லை.

அன்று மதியம் ஆணையத்தின் தலைவரிடம் அனுமதி வாங்கி மூவரும் ரெக்கார்டு ரூமுக்குப் போனார்கள். தன் அறைக்குள்ளேயே வேற்றாள் மாதிரி நுழைகையில் அவளை வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தக் கோப்பில் தாள்களின் மூலையில் துளை போட்டு, கயிற்றைக் கோத்து, இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியைச் சுற்றுக்குள்ளேயே செருகிக் கட்டியிருந்தது. நிதானம் கயிற்றை விரலால் தடவினார்.

"கிழிக்கல. மேல இருந்த பதிமூணு தாளையும் வரிசையா எடுத்து, இதை உருவிட்டு, திரும்பவும் கோத்திருக்காங்க. நீ ஒரு தடவை இதை அவுத்துக் கட்டுப்பா."

மைத்துனன் வேறொரு பழைய கோப்பை எடுத்து அவிழ்த்தான். கட்ட கால் மணி நேரம் பிடித்தது. முடிவில் ஷூ கயிறு மாதிரி பூமுடிச்சுப் போட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டான். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, நான்கு நாளில் முதல் முறையாக.

பிறகு நிதானம் இரண்டு காகிதங்கள் கேட்டார். ஒன்று, அந்த உத்தரவோடு கம்பெனிக்கும் சங்கத்துக்கும் அனுப்பிய கணக்கு நகல். அதில் எண்கள் எல்லாம் தட்டச்சில் சுத்தமாக இருந்தன. மற்றொன்று, கோப்பைப் பார்க்கக் கேட்டு சலவைக்கடைக்காரர் எழுதிய கடிதம். வெள்ளிக்கிழமை வந்தது. அதன் ஓரத்தில் தலைமைக் கணக்கரின் குறிப்பு இருந்தது: 'கோப்பைப் பார்த்தேன். ரகசியத் தாள் எதுவும் இல்லை. காட்டலாம்.'

"பதிவேட்டைக் குடுங்கம்மா," என்றார். பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடினார். அவள் பதிவேட்டின் அட்டையைத் தேவையில்லாமல் துடைத்தாள்.

மறுநாள், வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆணையத் தலைவர், கம்பெனி வக்கீல், சலவைக்கடைக்காரர், தலைமைக் கணக்கர் நால்வரையும் நிதானம் ரெக்கார்டு ரூமுக்கே வரவழைத்தார். நாற்காலி போதவில்லை. அவள் அலமாரியை ஒட்டி நின்றாள்.

"மாமா, வக்கீல்தானே?" என்று மைத்துனன் காதருகில் கேட்டது எல்லோருக்கும் கேட்டது. வக்கீல் முகம் சுளித்தார்.

"இல்லப்பா. வக்கீல் எதுக்கு எடுக்கணும்? அந்தத் தாள்ல இருக்கற எண்ணெல்லாம் அவர்கிட்டயும் இருக்கு, சங்கத்துக்கிட்டயும் இருக்கு. எடுத்தா எதை மறைக்க முடியும்?" நிதானம் நகலைத் தூக்கிக் காட்டினார். "முதல்ல இந்த எண்ணைப் பாருங்க. கம்பெனி நூறு ரூபா முதல் போட்டா, வரி கட்டினது போக ஒன்பது கையில நிக்கணும்னு ஆணையம் முடிவு பண்ணியிருக்கு. வரி, லாபத்துல கால்வாசி. அப்போ லாபம் எவ்வளவு வரணும்?"

"பன்னெண்டு," என்றார் சலவைக்கடைக்காரர் உடனே. "மூணு வரிக்குப் போகும், ஒன்பது நிக்கும்."

"சரி. இங்க இருக்கற பழைய கோப்புகளையும் பாத்தேன். முந்தின உத்தரவுகள்ல லாபம் ஒன்பதுன்னும், அதுக்குக் கீழே வருமான வரி மூணுன்னும் தனித்தனியா எழுதுவாங்க. அஞ்சு வருஷம் முன்னாடி முறையை மாத்தினாங்க. வரியைத் தனியா காட்ட வேணாம், லாபத்துக்குள்ளயே சேத்துப் பன்னெண்டா குடுத்துடலாம்னு. குடுத்துட்டாங்க. ஆனா இங்க புதுத் தாளை யாரும் வெள்ளைத் தாள்ல ஆரம்பிக்கறதில்ல. பழசைப் பாத்துத்தான் எழுதறாங்க. மேல ஒன்பதைப் பன்னெண்டா மாத்தினவர், கீழ இருந்த மூணை அடிக்க மறந்துட்டார்."

"பதினஞ்சு," என்றார் சலவைக்கடைக்காரர். "அப்போ கம்பெனியோட வரியை ஊரே ரெண்டு தடவை கட்டியிருக்கு. அஞ்சு வருஷமா."

"கம்பெனிக்கு இது தெரியுமா?" என்று தலைவர் வக்கீலைக் கேட்டார்.

"உத்தரவுல என்ன இருக்கோ அதைத்தான் வசூல் பண்ணினோம்," என்றார் வக்கீல். சொல்லிவிட்டு ஏனோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எண்ணுக்காகத் திருடல," என்று நிதானம் தொடர்ந்தார். "நகல்ல இல்லாதது, இந்தக் கோப்புல மட்டும் இருக்கறது ஒண்ணே ஒண்ணுதான். பழைய கோப்புகள்ல இருக்கற மாதிரியே, தாளோட அடியில கணக்குப் போட்டவர் பேனாவால போட்ட கையெழுத்து. தாள் இல்லைன்னா தப்பு கணக்குப் பிரிவோட தப்பு. இருந்தா ஒரு ஆளோட தப்பு. கயிறும் ஆபீஸ்காரங்க கட்டற மாதிரியே கட்டியிருக்கு. இனிமே ஒரு கேள்விதான். வியாழக்கிழமை அறுபத்திரண்டு. திங்கட்கிழமை அறுபத்தொண்ணு. நடுவுல கோப்பை யார் பாத்தாங்க? பதிவேட்டுல யாருமே இல்ல. ஆனா வெள்ளிக்கிழமை தேதி போட்டு ஒருத்தர் கடிதத்து ஓரத்துல எழுதியிருக்கார், 'கோப்பைப் பார்த்தேன்'னு."

அவள் அலமாரியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை மாலை சித்தப்பா கோப்பைக் கொண்டுவந்து கொடுத்ததும், அவள் இரண்டு கையாலும் வாங்கி அப்படியே வைத்ததும் கண்ணுக்குள் நின்றது. யார் திருப்பிக் கொடுத்தாலும் எண்ணுகிறவள், அவர் கொடுத்தால் மட்டும் எண்ணமாட்டாள். வளர்த்தவர் முன்னால் தாளை எண்ணுவதா, அவரிடம் கையெழுத்துக் கேட்பதா? அலுவலகத்தில் மற்றவர்களுக்கும் அது பழகிப்போயிருந்தது. அவர் கோப்பை எடுத்தார் என்று ஒருவருக்கும் தோன்றவே இல்லை.

தலைமைக் கணக்கர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"கிழிச்சுப் போட கை வரல," என்றார். "காசு வாங்கல சார். சத்தியமா ஒரு பைசா வாங்கல. கடிதம் வந்து கோப்பைத் திறந்து பாத்தப்பதான் எனக்கே தப்பு தெரிஞ்சுது. முப்பத்தாறு வருஷமா 'கணக்குன்னா அவர்'னு பேர் வாங்கினவன். போகிற நேரத்துல, மூணை அடிக்க மறந்தவன்னு ஆகிடுமேன்னு..." முடிக்க முடியாமல் நிறுத்தினார். "இவமேல பழி வரும்னு நினைக்கல. வந்தப்புறம் வாயைத் திறக்க முடியல. வெட்கங்கெட்டவன் நான்."

தலைவர் அந்தத் தாளைப் பிரித்துப் படித்தார். பிறகு, அவளுடைய விசாரணை கிடையாது என்றும், அதே பதினோரு மணிக்குக் கம்பெனியையும் சங்கத்தையும் கூட்டி இந்தத் தாளைப் படிக்கப்போவதாகவும், கூடுதலாக வசூலித்தது முழுவதையும் வரும் பில்களில் கழிக்க உத்தரவாகும் என்றும் சொன்னார். அவளிடம் மன்னிப்புக் கேட்டார். கேட்கும்போது அவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொருவராக வெளியே போனார்கள். மைத்துனன் ஏதோ கேட்க வாயெடுத்தான். நிதானம் அவன் தோளைத் தொட்டு அழைத்துப் போய்விட்டார்.

சித்தப்பாவும் அவளும் மட்டும் நின்றார்கள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமில்ல?" என்றார் அவர்.

"திங்கட்கிழமை நீங்க சுவத்துப் பக்கம் திரும்பினப்பவே தெரியும் சித்தப்பா. நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு மூணு நாள் பாத்தேன்."

"என்கிட்ட நேரா கேட்டிருக்கலாமேம்மா. வெளியாளைக் கூட்டிட்டு வரணுமா?"

அவளுக்கு முகம் எரிந்தது. வளர்த்தவரைக் காட்டிக்கொடுக்கத் தன் வாயால் முடியாமல், காசு கொடுத்து இன்னொருவர் வாயை வாங்கி வந்தவள் தானே என்று நினைத்தாள். ஆனாலும் பதில் சொன்னாள்.

"கேட்டிருந்தா நீங்க இல்லேன்னு சொல்லியிருப்பீங்க. நீங்க பொய் சொல்றதையும் நான் பாக்கணுமா சித்தப்பா?"

பதினோரு மணிக்கு வெளியே அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.