விருப்பத்தைச் சொல்லாத மருமகள்

"சொதி எப்பிடிப் பிள்ளை?" என்று கேட்டாள் செபஸ்தியம்மா.

மருமகள் கத்தரீனா இடியப்பத்தைப் பிய்த்தபடி, தலை நிமிராமலே சொன்னாள்.

"நொட் பாட், மாமி."

அவ்வளவுதான்! கலியாணம் முடிந்த இந்த ஐந்து மாதமும் இதே மறுமொழிகள்தான். பெருநாளுக்குச் சீலை எடுத்துக் கொடுத்தால், "இட்ஸ் ஓகே." தன் அறையையே ஒழித்துக் கொடுத்துப் பிடித்திருக்கிறதா என்று கேட்டால், "ஐ டோன்ட் மைன்ட்." கொழும்புக் கந்தோரில் வேலை பார்த்தவளின் இங்கிலீசு. அதன் அர்த்தங்களை மகன் செல்வரட்ணத்திடம் கேட்டறிந்த நாளிலிருந்து செபஸ்தியம்மாவின் வயிறு எரிந்துகொண்டிருந்தது. வலை பின்னி ஒற்றைப் பிள்ளையை வளர்த்தவளுக்கு இதுவா கிடைக்க வேண்டும்?

கடலுக்குப் போன மகன் திரும்பி வருமுன்னமே போய்விட வேண்டும் என்று உடுப்புப் பையைத் தூக்கினாள்.

"நான் பாசையூருக்குத் தங்கச்சி வீட்டை போறன். இனி வரமாட்டன். சமையல், குசினி எல்லாம் உன்ரை."

கத்தரீனா பதறி எழும்பினாள். "ஏன் மாமி? நான் என்ன பிழை விட்டனான்?"

"ஒருநாளாவது வாய் நிறைய நல்லாயிருக்கு எண்டு சொன்னனியோ? உனக்கு என்னைப் பிடிக்கேல்லை... நான் என்னத்துக்கு இஞ்சை?"

"ஐயோ, அப்பிடியில்லை மாமி!" கத்தரீனா உடைந்து போனாள். "வெள்ளவத்தையிலை எங்கடை புதுவீட்டை, இதைப்போல ஒரு வீடு இல்லையெண்டு எல்லாரிட்டையும் பெருமையாப் புழுகினனான். போன ஆடிக் கலவரத்திலை கொளுத்திப்போட்டாங்கள்... அப்பாவும் அதுக்குள்ளை... அகதியாக் கப்பலிலை காங்கேசன்துறைக்கு வரேக்கை நினைச்சனான், இனி எதையும் பிடிச்சிருக்கு எண்டு சொல்லப்படாது. சொன்னா அதுவும் போயிடும்..."

செபஸ்தியம்மா பையைக் கீழே போட்டாள். இந்தப் பிள்ளையையா இவ்வளவு நாளும் திமிர் பிடித்தவள் என்று மனதுக்குள் திட்டினேன்?

"என்ரை பிள்ளை! வீடு போனது கொளுத்தினவங்களாலை. நீ புழுகினதாலை இல்லை. சொல்லாட்டிலும் போறது போகும். என்ரை மனிசனிட்டை, 'எனக்கு உங்களிலை விருப்பம்' எண்டு நான் ஒருநாளும் சொன்னதில்லை. அப்பிடியிருந்தும் அவரைக் கடல் கொண்டுபோட்டுது. சொல்லாமல் விட்டிட்டனே எண்டதுதான் இண்டைக்கும் சுடுது..."

கத்தரீனா அவளை இறுகக் கட்டிப் பிடித்தாள்.

"எனக்கு உங்களிலை விருப்பம் மாமி! சரியான விருப்பம்! போகாதேங்கோ!"

அவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டார் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

"இன்னொருக்காச் சொல்லு பிள்ளை" என்றாள் செபஸ்தியம்மா, அழுதுகொண்டே.