ஆறாவது ஸ்பீக்கர்

இணைத்தது ஐந்து ஸ்பீக்கர். திரையில் வந்த பட்டியலில் இருந்தது ஆறு.

காதுக்காரர் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேலிருந்து கீழாக மறுபடி படித்தார். முன் இடது, நடு, முன் வலது, பக்க வலது, பக்க இடது. அதுவரை சரி. அதற்கும் கீழே, கேட்காமலே வந்து உட்கார்ந்துகொண்டவனைப் போல ஒரு வரி இருந்தது. பின்: 2.4 மீட்டர்.

"சனியன்," என்றார், ஸ்பீக்கர்களை இயக்கும் புது ரிசீவரைப் பார்த்து. "அஞ்சு வரைக்கும் எண்ணத் தெரியல, நீயெல்லாம் ஒரு பெட்டி."

காதுக்காரர் என்பது அக்கம்பக்கத்தார் வைத்த பெயர். கிண்டலுக்கு வைத்ததுதான். அவரோ அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். டைல்ஸ் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை அவருக்கு. சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு டைலையும் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டுவார். கண்ணுக்குத் தெரியாத விரிசலையும் ஓசையிலேயே சொல்லிவிடுவார். இருபது வருடம் அப்படித் தட்டியதில், இந்த உலகத்தில் தன்னைத் தவிர எல்லாரும் செவிடு என்று முடிவு கட்டியிருந்தார். டிவிக்குக் கீழே ஒற்றை நீளப்பெட்டியை வைத்துக்கொண்டு தியேட்டர் மாதிரி இருக்கிறது என்று சொல்கிற மச்சான் செவிடு. வாட்ஸ் எண்ணைப் பார்த்து ரிசீவர் வாங்கும் ஜனங்கள் மொத்தமும் செவிடு. கட்டிய மனைவி முழுச்செவிடு.

அந்த முழுச்செவிடுதான் பதினோரு நாளுக்கு முன்னால் மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள்.

காரணம் இந்த அறை. வீட்டின் பின்கட்டில் சும்மா கிடந்த படுக்கையறையை அவர் தியேட்டராக மாற்றியிருந்தார். ஜன்னலுக்கெல்லாம் கனத்த கறுப்புத் திரை, சுவரெல்லாம் பஞ்சுப் பலகை, தரையில் கால் புதையும் கம்பளம். நட்ட நடுவில் ஒரு சோபா, அதற்குப் பின்னால் பின்சுவர் வரை வெறும் தரை. உச்சி வெயிலில்கூடக் கதவைச் சாத்தினால் உள்ளே கும்மிருட்டு, பசையும் புதுப் பஞ்சும் கலந்த நெடி, தன் எச்சில் விழுங்கும் சத்தம் தனக்கே கேட்கும் அளவுக்கு ஓர் அமைதி. அந்த அமைதியில்தான், சோபாவுக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுகிறார்கள் என்று மனைவி சொன்னாள். ஏழு வயது மகளும் ஆமாம் என்றாள்.

"உங்க பரம்பரைக்கே காது கிடையாது. இல்லாத காதுல என்னத்தைக் கேட்ட?" என்று சிரித்தார் அவர்.

மனைவி சண்டை போடவில்லை. பையை எடுத்து வைத்தாள். "அந்த ரூம்ல ஒண்ணும் இல்லைன்னு எனக்குக் காட்டுங்க. காட்டின அன்னிக்கு வந்துடறோம். அதுவரைக்கும் பாப்பாவ அங்க உட்கார வைக்க என்னால முடியாது."

காட்டத்தான் இந்த ரிசீவர். பழையதில் அளக்கும் வசதி கிடையாது. இதனுடன் ஒரு குட்டி மைக் வந்திருந்தது. அதைச் சோபாவில் காது உயரத்துக்கு நிறுத்திவிட்டு, பொத்தானை அமுக்கிவிட்டு வெளியே போய்விட வேண்டும். ரிசீவர் ஒவ்வோர் இடத்துக்கும் வரிசையாக ஒரு சத்தத்தை அனுப்பும். தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல ஷ்ஷ்ஷ் என்று ஒரு சத்தம். மைக் அதைக் கேட்டு, எந்தப் பக்கம் ஸ்பீக்கர் இருக்கிறது, எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று சொல்லும். ஸ்பீக்கர் இல்லாத இடத்துக்கு 'இல்லை' என்று போடும். அந்த 'இல்லை'யைப் போட்டோ எடுத்து மனைவிக்கு அனுப்புவதாகத் திட்டம்.

இப்போது அந்த இடத்தில்தான் 2.4 மீட்டர் என்று இருந்தது.

அவர் அளவு டேப்பை எடுத்து, மைக்கிலிருந்து பின்னோக்கி நீட்டினார். டேப் 2.4-ல் நின்ற இடம் வெறும் கம்பளம். பின்சுவருக்கு ஒரு சாண் முன்னால். அங்கே மட்டும் கம்பளத்தின் மயிர் அமுங்கிக் கிடந்தது. சோபாவை இறக்கியபோது பட்டிருக்கும் என்று காலால் நீவினார். நிமிரவில்லை.

மறுநாள் ரிசீவரோடு கடையில் நின்றார். அந்தப் பிரிவைக் கவனிப்பது ஐம்பது வயதுப் பெண்மணி. கழுத்தில் கண்ணாடி தொங்கும், சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். இவளுக்கெல்லாம் என்ன தெரியப்போகிறது என்று முதல் நாளே அவர் முடிவு செய்திருந்தார்.

"இதுக்கு எண்ணத் தெரியலம்மா. அஞ்சு போட்டா ஆறுங்குது."

"பின்பக்கத்துக்கு ஒயர் ஏதும் போட்டிருக்கீங்களா சார்?"

"எனக்கே ஒயர் போடக் கத்துக்குடுக்கறீங்களா?"

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரிசீவரின் பின்புறத்தைப் பார்த்தாள். "இது தானா எண்ணாது சார். சத்தத்தை அனுப்பிட்டு மைக்ல காது குடுத்துட்டு இருக்கும். பதிலுக்குச் சத்தம் வந்தா இருக்குன்னு எழுதும். ஒயரே இல்லாத இடத்துல பதில் வந்திருக்குன்னா..."

"வந்திருக்குன்னா?"

"அந்த நேரம் பார்த்து யாரோ சத்தம் போட்டிருக்காங்க."

கடையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார் காதுக்காரர். "ஓட்டைப் பெட்டியை வித்துட்டு பேய்க் கதையா சொல்றீங்க? இருக்கறதுலயே நல்லதா ஒண்ணு எடுங்க. வாட்ஸ் கதையெல்லாம் வேண்டாம், அது செவிடங்களுக்கு."

இரண்டாவது ரிசீவர் தூக்கவே இரண்டு ஆள் கேட்டது. மாலைக்குள் இணைத்து முடித்தார். பின்பக்க முனைகளில் ஒயர் இல்லை என்பதை விரலால் தடவியே உறுதி செய்துகொண்டார். பொத்தானை அமுக்கி, வெளியே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு நின்றார். கனத்த கதவு. உள்ளிருந்து சத்தம் கசியவில்லை. சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மகள் விட்டுப்போன ஒற்றைச் செருப்பு கூடத்தில் கிடந்தது. அதை எடுத்துச் சுவரோரம் நேராக வைத்தார். அவளை விட்டு அவர் இத்தனை நாள் இருந்ததில்லை.

உள்ளே போனார். பட்டியல் தயாராக இருந்தது.

பின்: 1.1 மீட்டர்.

முதலில் கோபம்தான் வந்தது. பயம் சற்று மெதுவாக வந்தது. இரண்டு ரிசீவர், இரண்டு கம்பெனி, இரண்டும் ஒரே பொய்யையா சொல்லும்? சரி, பொய்யென்றே இருக்கட்டும், பொய் ஏன் கிட்டே வருகிறது? டேப்பை நீட்டினார். 1.1 மீட்டரில் கம்பளம் நேற்றைப் போலவே அமுங்கியிருந்தது. சுவரோரத்தில் நேற்று இருந்த அமுக்கம் இப்போது நிமிர்ந்திருந்தது.

இரண்டு முறையும் அவர் அறைக்குள் இல்லை. வெளியே போ என்றது ரிசீவரோடு வந்த கையேடு, போனார். இத்தனை பெரிய காதை வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றிருக்கிறார். அதை நினைத்ததும் தன்மீதே இளக்காரம் வந்தது. மைக்கைக் கையில் எடுத்தார், சோபாவின் நடுவில் உட்கார்ந்தார், அதைத் தன் காதோரம் பிடித்துக்கொண்டு பொத்தானை அமுக்கினார்.

முன் இடதிலிருந்து ஷ்ஷ்ஷ் என்று வந்தது, ஒரு குறையுமில்லாமல், ஆரம்பமும் முடிவும் கத்தியால் நறுக்கினதுபோல. நடு. முன் வலது. வலப்பக்கச் சுவரிலிருந்து ஒன்று, இடப்பக்கச் சுவரிலிருந்து ஒன்று. ஐந்தும் ஒரே அச்சு. பிறகு பின்பக்கத்தின் முறை. அமைதி. பஞ்சு நெடி. அவருடைய எச்சில் விழுங்கும் சத்தம்.

ஷ்ஷ்ஷ்.

பிடரிக்குப் பின்னாலிருந்து.

அதே சத்தம்தான். வேறு யாராக இருந்தாலும் ஸ்பீக்கர் என்றே சத்தியம் செய்திருப்பார்கள். ஆனால் இருபது வருடம் விரிசல் பார்த்த காதுக்கு விரிசல் கேட்டது. தொடக்கத்தில் உதடு பிரியும் ஈரம். நடுவில் ஒரு சின்ன நடுக்கம். முடிவில், காற்று தீர்ந்துபோய், உள்ளே இழுத்துக்கொண்ட மூச்சு.

ஸ்பீக்கர் மூச்சு வாங்காது.

திரும்பவில்லை அவர். திரும்ப முடியவில்லை. திரையை மட்டும் பார்த்தார். பின்: 0.4.

எப்படி எழுந்தார், எப்படிக் கதவைத் தாண்டினார் என்று அவருக்கே தெரியாது. தெருவில் நின்றபோது வெயில் இன்னும் மிச்சமிருந்தது. எதிர்வீட்டுக்காரர் வண்டி துடைத்துக்கொண்டிருந்தார். மைக் இன்னும் காதுக்காரரின் கைக்குள்ளேயே இருந்தது.

அந்த இடத்தில் வேறு மனிதனாக இருந்தால் மனைவிக்குப் போன் போட்டு, நீ சொன்னது சரி என்று சொல்லியிருப்பான். ஐந்து வார்த்தைகூட இல்லை. காதுக்காரருக்கு அது வாயில் வரவில்லை. மச்சான் வீட்டுக் கூடத்தில், அந்த நீளப்பெட்டிக்கு முன்னால், எல்லாரும் உட்கார்ந்து சிரிப்பது கண்முன் வந்தது. ஒரு ராத்திரியை முன் அறையில் விளக்கணைக்காமல் கழித்தார். விடிந்தபோது வேறொரு யோசனை வந்திருந்தது. விடிந்த பிறகு வருகிற யோசனையெல்லாம் நல்ல யோசனை என்று நினைக்கிற ரகம் அவர்.

"அஞ்சு மட்டும் போடற பெட்டி இருக்கா?" என்று கேட்டார் கடையில். "பின்பக்க முனையே இருக்கக் கூடாது."

அந்தப் பெண்மணி அடித்தட்டிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வைத்தாள். "இருக்கு. ஆனா சார், அது பின்னாடி என்ன இருக்குன்னு கேட்காது. கேட்கலேங்கறதால இல்லைன்னு ஆயிடுமா?"

"கட்டிக் குடுங்க," என்றார். குரல் முன்போல எழும்பவில்லை.

மூன்றாவது ரிசீவர் சின்னது. ஐந்தைக் கேட்டது, ஐந்தைச் சொன்னது. ஐந்து ஸ்பீக்கர்கள், எல்லாம் சரி. கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, வாசற்படியில் நின்றே அவர் அதைப் படித்தார். இரண்டாம் முறை படித்தபோது பாதி நம்பிக்கை வந்தது. பத்தாம் முறையில் முழு நம்பிக்கை. முந்தின நாள் கேட்டது தன் மூச்சாகத்தான் இருக்கும் என்றுகூடத் தோன்றிவிட்டது. போட்டோ எடுத்து மனைவிக்கு அனுப்பினார். கீழே எழுதினார்: 'உன் காதுக்கு மருந்து வாங்கி வெச்சிருக்கேன். வா.'

ஞாயிறு மதியம் இருவரும் வந்தார்கள். மகள் ஓடிவந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள், தலையில் மச்சான் வீட்டு எண்ணெய் வாசனை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மனைவி பையைக் கீழே வைக்கவில்லை. "போட்டோவெல்லாம் வேண்டாம். என் எதிர்ல ஒரு தடவை பண்ணுங்க."

"பண்ணிட்டாப் போச்சு." மைக்கை நிறுத்தும் ஸ்டாண்டை எடுக்கப் போனவர் நின்றார். சோபா வரை நடக்க வேண்டும். கால் வரவில்லை. மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதட்டோரம் அசைந்தது போல இருந்தது. சிரிப்பு மாதிரி.

"பாப்பா, நீ போய் மைக்கைப் புடிச்சுக்க," என்றார் சட்டென்று. "உங்கம்மா மாதிரி பயந்தாங்கொள்ளியா நீ? அப்பா பொண்ணுதானே?"

"அவ எதுக்கு?" என்றாள் மனைவி.

"அவளுக்கும் பயம் தெளியணும்ல?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். அவள் போய்ச் சோபாவின் நடுவில் ஏறி உட்கார்ந்து, மைக்கை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டாள். கால் தரையை எட்டவில்லை. அவர் கதவருகே நின்று பொத்தானை அமுக்கினார்.

முன் இடது. நடு. முன் வலது. பக்க வலது. பக்க இடது.

ஐந்து. அவ்வளவுதான். இந்த ரிசீவர் இரண்டு சுற்று அளக்கும், இன்னொரு சுற்றுப் போனால் முடிந்தது. மனைவி பக்கம் திரும்பி, பார்த்தாயா என்று கேட்க வாயெடுத்தார்.

ஷ்ஷ்ஷ்.

மகளின் வலது காதோரத் தலைமுடி முன்பக்கமாகப் பறந்தது. யாரோ சூடான பாலை ஊதி ஆற்றுவது போல. மெதுவாக. பிறகு அடங்கியது.

"பாப்பா," என்றாள் மனைவி. "எழுந்து வாடா கண்ணு."

மகள் எழவில்லை. கண் மட்டும் அவரைப் பார்த்தது. அப்பாவைத்தான்.

இரண்டாம் சுற்று தானாகத் தொடங்கியது. முன் இடது. மனைவி பையை எறிந்துவிட்டு ஓடினாள். நடு. மகளின் தோளைப் பிடித்து இழுத்தாள். முன் வலது. ஏழு வயசுக் குழந்தை, அசையவில்லை. அவர் கையில் ரிமோட் இருந்தது. நிறுத்தும் பொத்தான் கட்டைவிரலுக்கு அடியிலேயே. பக்க வலது. விரல் மரத்துவிட்டது. பக்க இடது.

அமைதி.

இந்த முறை தலைமுடி அசையவில்லை. மகள் வாயைத் திறந்தாள்.

ஷ்ஷ்ஷ்.

ஈரமில்லை. நடுக்கமில்லை. கத்தியால் நறுக்கின முடிவு. மூச்சு வாங்கவும் இல்லை. ஒரு விரிசல்கூட அந்தச் சத்தத்தில் அவர் காதுக்குக் கேட்கவில்லை.

திரையில் பட்டியல் வந்தது. ஐந்து ஸ்பீக்கர்கள். எல்லாம் சரி.

மகளின் வாய் இன்னும் திறந்தே இருந்தது.