மூணு மணி டீ

சின்னமனூரில் ஏறிய பஸ், மேகமலையில் ஹேமாவதியை இறக்கிவிட்டபோது மதியம் பன்னிரண்டு. வெயில் இல்லை. மூடுபனி தேயிலைச் சரிவை முழுசாக விழுங்கிவிட்டு, அந்தப் பழைய பங்களாவின் வாசல்வரை வந்து நின்றிருந்தது.

தேனியில் கடை வைத்திருக்கும் ஜோஷ்வா, பங்களாவைக் குத்தகைக்கு எடுத்துச் சுற்றுலாக்காரர்கள் தங்குமிடமாக மாற்றிக்கொண்டிருந்தான். ஹேமாவதிக்கு அங்கே சமையல் வேலை. புருஷன் ராஜபாண்டி தவறிப்போய் ஏழு மாதம். தேவாரம் ஊரிலிருந்த வீட்டில் தனியாக இருக்கமாட்டாமல்தான் மலையேறினாள்.

"அக்கா, மொத வேலை இதுதான்." ஜோஷ்வா ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்தான். வைக்கோலுக்குள் ஐந்து வெள்ளைப் பீங்கான் கோப்பைகள். "பழைய சாமான் கடையில புடிச்சேன். நல்ல கனம். உள்ளதான் மஞ்சக்கறை அப்பிக் கெடக்கு. சனிக்கிழமை மொத ஆளுக வர்றாக. அதுக்குள்ள பளிச்சுன்னு ஆக்கிருங்க."

சொல்லிவிட்டு அவன் தேனிக்கு இறங்கிவிட்டான். பங்களாவில் அவளும், காவல்காரர் வீரணனும் மட்டும்.

ஆப்பசோடாவை எலுமிச்சைச் சாற்றில் குழைத்துத் தேய்த்தாள். மேல்கறை போனது. பீங்கானின் பளபளப்பில் மயிரிழையாக ஓடிய கீறல்களுக்குள் இருந்த மஞ்சள் அசையவில்லை. கறை வெளுக்க ஜோஷ்வா வாங்கி வைத்திருந்த பெராக்சைடை வெந்நீரில் ஊற்றி ஊறப்போட்டாள். மறுநாள் காலையில் ஐந்தும் வெள்ளைவெளேரென்று கிடந்தன. துடைத்துச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்தாள்.

மூணு மணிக்குமேல் அந்த அறைக்குள் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

கோப்பைகள் நிமிர்ந்திருந்தன.

ஐந்திலும் பழையபடி மஞ்சள். விரலால் தொட்டுப் பார்த்தாள். ஈரம். அறை முழுக்கக் காய்ச்சிய டீயின் வாசனை. அடுப்பை அன்று மதியத்துக்கப்புறம் அவள் பற்றவைக்கவே இல்லை.

ஹேமாவதிக்குப் பயத்தைவிட வேறொன்றுதான் முதலில் வந்தது.

"நீங்களா?" என்றாள் மெல்ல.

ராஜபாண்டிக்கு ரெண்டு கிட்னியும் போயிருந்தது. தண்ணீர், காபி, டீ எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் அளந்து அளந்து கொடுத்தாள். கடைசி நாள் சாயங்காலம், உதடு வெடித்துக் கிடந்தவர், "ஒரு வாய் டீ குடு ஹேமா" என்றார். அன்றைய அளவு முடிந்திருந்தது. "வேணாங்க. நாளைக்கு டயாலிசிஸ் முடியட்டும்," என்றாள்.

"சரி," என்றார். விடியுமுன் போய்விட்டார்.

மறுபடியும் கோப்பைகளை ஊறப்போட்டு வெளுத்தாள். வியாழக்கிழமை மதியம் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பனி ஜன்னல் கண்ணாடியை அடைத்து நின்றது.

மணி மூணு.

கோப்பைகளின் அடியிலிருந்து மஞ்சள் கசிந்து மேலேறியது.

பிறகு ஒரு சத்தம். வறண்ட தொண்டை வெறும் எச்சிலை விழுங்குகிற சத்தம்.

ஒரு தொண்டை இல்லை. நாலைந்து.

அவள் அலறியடித்து வெளியே ஓடிவந்தாள். வீரணன் உள்ளே போய் ஒரு கோப்பையைத் திருப்பினார். அடியில் மங்கிய நீல எழுத்து. அதை விரலால் தடவிப் படித்தார்.

"இது எங்கன கெடச்சுது ஆத்தா? இது எஸ்டேட் ஆஸ்பத்திரிக் கோப்பை. மூடி வருசம் இருவது ஆச்சு. நான் அங்கன வார்டு வேலை பாத்தவன். மூணு மணிக்கு டீ ஊத்துறது நாந்தான்."

"அதுக்கு?"

"வயித்துல ஆபரேஷன் ஆனவுகளுக்கு ஊத்தக் கூடாது. பக்கத்துக் கட்டிலுக்கு ஊத்துற சத்தத்தக் கேட்டுக்கிட்டே கெடப்பாக. 'எனக்கும் கொஞ்சம்'பாக. நான் காது கேக்காத மாதிரி போயிருவேன். அதுல சில பேரு பொழைக்கல."

"அப்ப... எங்க வீட்டுக்காரக இல்லையாண்ணே?"

வீரணன் தலையைக் குனிந்துகொண்டார். "தெரியலயே ஆத்தா."

அன்று அவள் சாப்பிடவில்லை. பேயென்று பயந்ததற்காக அல்ல. தன் ஆள் இல்லையே என்றுதான் அழுதாள்.

வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு முன்னால் பால் காய்ச்சி, இஞ்சி தட்டிப்போட்டு டீ போட்டாள். ஐந்து கோப்பையிலும் ஊற்றினாள். பிறகு என்ன நினைத்தாளோ, அடுக்களை அலமாரியிலிருந்து புதுக் கோப்பை ஒன்றை எடுத்துவந்து ஆறாவதாக வைத்து, அதிலும் ஊற்றினாள். கைப்பிடியை வலதுபக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"குடிங்க," என்று சொல்லிவிட்டுக் கதவோரம் வீரணன் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

மணி மூணு.

முதல் கோப்பையில் டீ குறைந்தது. ஒரு உறிஞ்சல் சத்தம். ரெண்டாவது. மூணாவது. அவசரமே இல்லை. ஐந்தாவதும் காலியானபோது, வெகுநாள் நோவு தீர்ந்த மாதிரி ஒரு பெருமூச்சு அறைக்குள் எழுந்து அடங்கியது. வீரணன் கையெடுத்துக் கும்பிட்டபடி, "மன்னிச்சிருங்க," என்று முணுமுணுத்தார்.

ஐந்து கோப்பைகளும் கழுவி வைத்ததுபோல இருந்தன. சோடாவும் பெராக்சைடும் போட்டு எடுத்தும் திரும்பி வந்த மஞ்சள், சுத்தமாகப் போயிருந்தது.

ஆறாவது மட்டும் நிரம்பியே இருந்தது. ஆறி, ஆடை படிந்தது.

"அவுக வரல பாத்தீகளா," என்று ஹேமாவதி அதை எடுக்கப் போனாள். போனவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

கைப்பிடி இடதுபக்கம் திரும்பியிருந்தது.

ராஜபாண்டிக்கு எழுத்தும் இடதுகை, டம்ளர் பிடிப்பதும் இடதுகை.

"வந்திருக்காகண்ணே." வீரணனைத் திரும்பிப் பார்த்தாள். "வந்தும் குடிக்கல. வேணாம்னு நாந்தான சொன்னேன்."

ஆறாவது கோப்பைக்கு நேரே இருந்த காலி நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். "இனி அளவு கெடையாதுங்க. நானே சொல்றேன். குடிங்க."

பனி ஜன்னலைவிட்டு விலகி, சாயங்கால வெளிச்சம் மேசைமேல் விழுந்தது. டீ அசையவில்லை.

சனிக்கிழமை விருந்தாளிகள் வந்தார்கள். வெள்ளைக் கோப்பைகளைப் பார்த்து ஜோஷ்வாவுக்கு ஒரே சந்தோஷம். கறை அதற்கப்புறம் வரவேயில்லை.

ஹேமாவதி இன்றும் அங்கேதான் சமைக்கிறாள். தினமும் மூணு மணிக்கு அடுக்களை மேடையில் ஒரு கோப்பை டீ வைக்கிறாள், கைப்பிடி வலதுபக்கமாக. "குடிங்க," என்று கெஞ்சுகிறாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்க்கிறாள்.

கைப்பிடி இடதுபக்கம் திரும்பியிருக்கிறது. டீ ஒரு சொட்டும் குறைவதில்லை.