ஆமாங்க அப்பா

பூவிழியின் அப்பாவுக்கு ‘இல்லை’ என்று சொல்ல வராது.

அதற்காக அவரை வாய் பேசாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். வயலில் மாடுகளோடு பேசுவார். தக்காளிச் செடிகளோடுகூடப் பேசுவார். ஆனால், சட்டைப் பையில் பேனா வைத்திருக்கும் யார் எதைக் கேட்டாலும் அவரிடமிருந்து ஒரே பதில்தான் வரும்.

“ஆமாங்க.”

போன மாதம் இருவரும் தருமபுரியில் பஸ் ஏறினார்கள். அது இண்டூர் வழியாகப் பாப்பாரப்பட்டிக்குப் போகும் பஸ். கண்டக்டர் அவசர அவசரமாக வந்து, “இண்டூருங்களா?” என்றார்.

“ஆமாங்க” என்றார் அப்பா.

இண்டூர் வந்ததும் கண்டக்டர் விசில் ஊதி இறக்கிவிட்டார். அவர்கள் போக வேண்டியது பாப்பாரப்பட்டி. அடுத்த பஸ்ஸுக்காக ஒரு மணி நேரம் வெயிலில் நின்றார்கள்.

“ஏம்ப்பா, பாப்பாரப்பட்டின்னு சொல்ல வேண்டியதுதானே?” என்று பூவிழி கோபமாகக் கேட்டாள்.

“அவரு அவ்வளவு ஆசையா இண்டூருன்னு கேட்டாரே, கண்ணு” என்றார் அப்பா.

அப்படிப்பட்ட அப்பா நான்கு நாளாகத் தருமபுரியில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். வரப்பு வெட்டும்போது மண்வெட்டி காலில் பட்டு, காயம் சீழ் பிடித்துவிட்டது. இப்போது பரவாயில்லை. “சனிக்கிழமை கட்டு மாத்திட்டு வூட்டுக்குப் போலாம்” என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இன்று சனிக்கிழமை. பள்ளி விடுமுறை. பூவிழியும் அம்மாவும் முதல் பஸ்ஸிலேயே இட்லியோடு வந்துவிட்டார்கள். அம்மா கீழே, வீட்டுக்கு அனுப்பும் சீட்டு வாங்கும் வரிசையில் நிற்கப் போனாள்.

“அப்பா பக்கத்துலயே உக்காந்திரு. அசையாத” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பம்பரத்தைப் பார்த்து அசையாதே என்று சொன்னால் கேட்குமா? ஐந்து நிமிடத்தில் பூவிழி ஸ்டூலில் உட்கார்ந்தாள், எழுந்தாள், சன்னலில் எட்டிப் பார்த்தாள், மின்விசிறிகளை எண்ணினாள். மொத்தம் பதினொன்று. அதில் மூன்று ஓடவில்லை.

முந்தின நாள் குழாய் உடைந்து வார்டுக்குள் தண்ணீர் வந்ததால், கட்டில்களை எல்லாம் இழுத்து மாற்றிப் போட்டிருந்தார்கள். ஏழாம் நம்பர் கட்டில் சன்னல் பக்கம் இருந்தது. இருபத்திரண்டு வாசலில் நின்றது. எதுவும் அதனதன் இடத்தில் இல்லை. அதைப் பார்க்கப் பார்க்கப் பூவிழியின் கால்கள் இன்னும் பரபரத்தன. தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு நிரப்ப ஓடினாள்.

திரும்பி வந்தபோது அப்பாவின் கட்டிலில் ஓர் அட்டை தொங்கியது. ‘எதுவும் சாப்பிடக் கூடாது’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. இட்லி டப்பா மூடியபடியே இருந்தது.

“இது என்னப்பா?”

“இப்ப ஒரு நர்சம்மா வந்தாங்க, கண்ணு. மத்தியானம் ரெண்டு மணிக்கு எனக்கு ஆபரேஷனாம். அது வரைக்கும் பச்சத் தண்ணிகூடக் கூடாதாம்.”

பூவிழிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஆபரேஷனா? உனக்கா? நேத்து வூட்டுக்குப் போலாம்னு சொன்னாங்களே!”

“படிச்சவங்க. யோசிச்சுத்தான் சொல்லியிருப்பாங்க.”

“எதுக்கு ஆபரேஷன்னு கேட்டியா?”

அப்பா மோட்டுவளையைப் பார்த்தார். “இன்னைக்கு ஆபரேஷன்தானேன்னு அவங்க கேட்டாங்க. நான் ஆமாங்கன்னுட்டேன்.”

பூவிழி தண்ணீர் பாட்டிலைக் கட்டிலில் போட்டுவிட்டு ஓடினாள்.

வார்டின் நடுவில் இருந்த மேசையருகே அமுதா நின்றுகொண்டிருந்தாள். அவள் நர்சிங் முதல் வருட மாணவி. வார்டுக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. பையில் எப்போதும் ஒரு குட்டி நோட்டுப் புத்தகம் இருக்கும். யார் என்ன சொன்னாலும் அதில் எழுதிக்கொள்வாள்.

“அக்கா, எங்கப்பாவுக்கு எதுக்கு ஆபரேஷன்?”

“குடலிறக்கம், பாப்பா. வயித்துல சின்ன ஆபரேஷன்தான். பயப்படாத.”

“கால்ல கட்டு போட்டிருக்கறவருக்கு வயித்துல எதுக்கு ஆபரேஷன்?”

அமுதாவின் கையிலிருந்த பேனா மூடி கீழே விழுந்து உருண்டது. அவள் நோட்டைப் புரட்டினாள்.

“அவர் பேரு மாதுதானே?”

“ஆமா.”

“சென்றாயன் மகன்தானே?”

“இல்லக்கா. எங்க தாத்தா பேரு ஆண்டி.”

“ஊரு கம்பைநல்லூர்தானே?”

“பாப்பாரப்பட்டி!”

அமுதாவின் முகம் வெளிறிவிட்டது. “நான் மூணையும் கேட்டேனே. ‘மாதுங்களா, சென்றாயன் மகனுங்களா, கம்பைநல்லூருங்களா’ன்னு. மூணுக்கும் ஆமாங்கன்னாரே!”

பூவிழி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“அப்படின்னா இன்னொரு மாது இருக்கார். காலையில சேர்ந்தவரு. கட்டிலெல்லாம் மாறிக் கிடக்கறதால எங்க இருக்காருன்னு தெரியல” என்றாள் அமுதா. “எட்டு மணிக்கு மேல அவரு எதுவும் சாப்பிடக் கூடாது. வயித்துல சாப்பாடு இருந்தா மயக்க மருந்து கொடுக்கறது ஆபத்து. ஆபரேஷன் பண்ற டாக்டர் வாரத்துல சனிக்கிழமை மட்டும்தான் வருவாரு.”

பூவிழி கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டே கால். வார்டு முழுக்கச் சட்னி வாசனை. எல்லோரும் டப்பாக்களைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

அமுதா முதல் கட்டிலுக்கு ஓடினாள். “ஐயா, நீங்க கம்பைநல்லூருங்களா?”

“ஆமாங்க” என்றார் அங்கே இருந்த பெரியவர்.

“சென்றாயன் மகனுங்களா?”

“ஆமாங்க.”

அமுதாவுக்கு உயிர் வந்தது. பூவிழி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். “அக்கா, இவரு அரூரு! நேத்து எனக்குக் கொய்யாப்பழம் கொடுத்தாரே, அவரு!”

பெரியவர் சங்கடமாகச் சிரித்தார். “சரியாக் காதுல விழல பாப்பா. நர்சம்மா கேட்டாங்களேன்னு சொன்னேன்.”

ஆகா! ஆமாங்க அப்பா ஒருவர் மட்டும் இல்லை. வார்டு முழுக்க ஆமாங்க அப்பாக்கள்தான் இருக்கிறார்கள் போலிருக்கிறது!

முப்பது கட்டில்கள். ஒவ்வொருவராகக் கேட்டு முடிப்பதற்குள் அந்த மாது இட்லியை முடித்து ஏப்பமே விட்டுவிடுவார். அதுவும் எல்லோரும் ஆமாங்க என்று சொன்னால் என்ன செய்வது? பூவிழி ஒரு காலில் நின்றாள், மறு காலில் நின்றாள். ஆமாங்க என்று பதில் சொல்லவே முடியாதபடி ஒரு கேள்வி வேண்டும்.

சட்டென்று அவளுக்கு ஒன்று தோன்றியது. வார்டின் நடுவில் போய் நின்று, தொண்டை கிழியக் கத்தினாள்.

“கம்பைநல்லூருக்கு இப்ப பஸ் எத்தனை மணிக்குங்க?”

ஒரு நிமிடம் எல்லோரும் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார்கள். கடைசித் தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“எட்டே முக்காலுக்கு ஒண்ணு இருக்குது, பாப்பா. அத வுட்டா பத்து மணிக்குத்தான். ஆனா அது சுத்திக்கிட்டுப் போவும்.”

பூவிழி பறந்தாள். தூணுக்குப் பின்னால் மீசைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் கையில் இட்லித் துண்டு ஒன்று சட்னி சொட்டச் சொட்ட வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.

“வைங்க! வைங்க!”

“எதைப் பாப்பா?”

“இட்லியை!”

அவர் பயந்துபோய் வைத்துவிட்டார். அமுதா மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். “ஐயா, நீங்க மா…” என்று ஆரம்பித்தவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். பூவிழியை ஒரு முறை பார்த்தாள். பிறகு நிதானமாகக் கேட்டாள்.

“உங்க பேரு என்னங்க?”

“மாதுங்க.”

“அப்பா பேரு?”

“சென்றாயனுங்க.”

“காலையிலிருந்து என்னென்ன சாப்பிட்டீங்க?”

“எங்க சாப்பிட்டேன்? அஞ்சரை மணிக்கு ஒரு டீ. இதுதான் மொத இட்லி. அதையும் இந்தப் பாப்பா வைக்கச் சொல்லிடுச்சு.”

அமுதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. விஷயத்தைச் சொல்லி, இட்லிப் பொட்டலத்தை மடித்து வாங்கி வைத்தாள்.

“இப்ப சிஸ்டர்கிட்டச் சொல்லணும்” என்றாள் மெதுவாக.

“திட்டுவாங்களா?”

“திட்டுவாங்க.”

“அப்ப நானும் வர்றேன்” என்றாள் பூவிழி.

வார்டுக்குப் பொறுப்பான நிர்மலாதேவி சிஸ்டர் கட்டுப் போடும் அறையிலிருந்து வெளியே வந்தார். அவர் குரல் கேட்டாலே வார்டில் ரேடியோகூட அடங்கிவிடும். அமுதா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். சிஸ்டரின் புருவம் மேலே மேலே போயிற்று.

“அப்பா பேரு, ஊரு ரெண்டும் தப்புன்னா அவரு எப்படி ஆமான்னு சொல்லுவாரு?”

“எங்கப்பா எல்லாத்துக்கும் அப்படித்தாங்க சொல்லுவாரு” என்றாள் பூவிழி. “நீங்க வேணும்னா கேட்டுப் பாருங்க.”

சிஸ்டர் அப்பாவின் கட்டிலுக்கு வந்தார். அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்க அமுதவல்லிங்களா?”

“ஆமாங்க” என்றார் அப்பா.

வார்டே கொல்லென்று சிரித்தது. அரூர்ப் பெரியவருக்குப் புரையேறிவிட்டது. சிஸ்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். சிறிது நேரம் கழித்துத்தான் அவரால் அமுதாவைப் பார்க்க முடிந்தது.

“தப்பை மறைக்காம வந்து சொன்ன பாரு, அதுக்காக இன்னைக்குத் திட்டு பாதிதான். அந்தப் பாதியை ரெண்டு மணிக்கு மேல வாங்கிக்க.”

அமுதா அப்பாவின் கட்டிலிலிருந்து அட்டையைக் கழற்றினாள். பிறகு நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பிப் பூவிழியிடம் காட்டினாள். ‘நோயாளியின் பெயரை நாம் சொல்லக் கூடாது. அவரையே சொல்ல வைக்க வேண்டும்’ என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தது.

“மொத நாள் வகுப்புல எழுதினது. பரீட்சையில இதுக்கு ரெண்டு மார்க்கும் வாங்கியிருக்கேன்” என்றாள் வெட்கத்தோடு.

எல்லோரும் போன பிறகு பூவிழி ஸ்டூலில் உட்கார்ந்தாள். இட்லி டப்பாவைத் திறந்து அப்பாவிடம் நீட்டினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். ஊரே அவரைப் பார்த்துச் சிரித்தது அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

“ஏம்ப்பா, உன்னைக் கூட்டிட்டுப் போயி வயித்தக் கிழிச்சிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?” இவ்வளவு நேரம் வராத அழுகை இப்போது வந்துவிட்டது.

அப்பா அவள் தலையைத் தடவினார். “இல்லைன்னு சொன்னா அவங்க கோவிச்சுப்பாங்களோன்னு இருக்கும், கண்ணு. அவ்வளவுதான்.”

“யாரும் கோவிச்சுக்க மாட்டாங்கப்பா.”

அப்பா இட்லியைப் பிட்டு முதல் வாயை அவளுக்கு ஊட்டினார்.

மத்தியானம் கட்டு மாற்றி, சீட்டு வாங்கி, மூவரும் கிளம்பினார்கள். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினாள் அமுதா. மீசைக்கார மாதுவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் பூவிழியைப் பார்த்து, “என் இட்லிய பத்திரமா வெக்கச் சொல்லு பாப்பா” என்று கையாட்டினார்.

பஸ்ஸில் அதே கண்டக்டர். அதே அவசரம்.

“இண்டூருங்களா?”

அப்பா வாயைத் திறந்தார். “ஆ…”

அம்மா திரும்பிப் பார்த்தாள். பூவிழி மூச்சு விடாமல் பார்த்தாள். காலையிலிருந்து ஓயாத அவளுடைய கால்கள் அப்போதுதான் முதல்முறையாக அசையாமல் நின்றன.

அப்பா எச்சில் விழுங்கினார்.

“இல்லைங்க. பாப்பாரப்பட்டிங்க.”

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த இருக்கைக்குப் போனார். அப்பா அவர் முதுகையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பூவிழியின் காதருகே குனிந்தார்.

“அவரு ஒண்ணும் கோவிச்சுக்கலையே, கண்ணு?”

“இல்லப்பா” என்றாள் பூவிழி.